கிணற்றில் இறங்குமுன் வாயுக் கருவியைச் சோதித்தல்

தோட்டக் கிணறுகளை இறைத்துச் சேறு அள்ளும் கோடைகாலத்தில், மெழுகுதிரியை இறக்கிப் பார்ப்பது கமக்காரரின் வழக்கம். சுடர் அணைந்தால் அபாயம் என்பது உண்மையே. அணையாவிடின் அபாயமில்லை என்பது தவறு. கிணற்றினுள் வைத்து இயக்கிய நீரிறைக்கும் இயந்திரம் கக்கிய காபனோரொட்சைட்டு, சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நால்வகை வாயுவை அளக்கும் கைக்கருவியைக் கூட்டாகவோ இரவலாகவோ பெறுவோர், அதனை இயக்கிய உடனே கிணற்றுள் இறக்கலாகாது. எரியும் வாயுவை உணரும் பாகத்திலுள்ள நுண்ணிய கம்பி சூடேற வேண்டும். ஏனைய உணரிகளும் நிலைகொள்ளச் சற்று நேரமாகும். கையேடு கூறும் நேரம்வரை திறந்த வெளியில் வைத்திருத்தல் அவசியம். இயங்கும் இயந்திரத்தின் அருகிலோ அடுப்புப் புகையிலோ வைத்துச் சுழியைத் திருத்தினால், கெட்ட காற்றையே நல்ல காற்றெனக் கொண்டு, பின்னர் கிணற்றில் குறைத்துக் காட்டும். தூய காற்றில் ஒட்சிசன் 20.9 வீதமும், ஏனைய மூன்றும் சுழியுமாக நிற்க வேண்டும். பொறுத்துப் பார்த்தும் ஒட்சிசன் எண் அலைந்தால், உணரி முதிர்ந்திருக்கக்கூடும்.

சுழியைக் கண்டவுடன் நம்பிவிடுதல் பெரும் பிழை. கெட்டுப்போன உணரியும் சுழியையே காட்டும்! அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி, எண் ஏறுகிறதா, மணி ஒலிக்கிறதா என்று பார்த்தாலன்றி வேறுபாடு தெரியாது. சிகரெட் லைற்றரின் வாயுவைப் பிடித்துப் பார்ப்பது உணரியைப் பழுதாக்கக்கூடும். எண் மிக மெதுவாக ஏறினால், முகப்பு வடியில் சேறோ ஈரமோ அடைத்துள்ளதா என நோக்குக.

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் காபனீரொட்சைட்டை அளப்பதில்லை. ஒட்சிசன் ஒரு வீதம் குறைந்து நின்றால், ஏறக்குறைய ஐந்து வீதம் வேற்று வாயு புகுந்திருக்கலாம். மணியோ வழக்கமாக 19.5 வீதத்திலேயே ஒலிக்கும். ஆதலின் மணி ஒலிக்கவில்லை என்பதைக் கொண்டு இறங்குவது தகாது; எண்ணையே பார்க்க வேண்டும்.

கருவியைக் கயிற்றில் கட்டி, நீரில் தோயாவண்ணம், மேல், நடு, அடி என நிறுத்தி நிறுத்தி இறக்குக. ஒவ்வோரிடத்தும் இரண்டு நிமிடமாவது வைத்தல் நன்று. மேலே எடுக்கும்போது எண் மாறிவிடுமாதலின், கருவி பதிந்து வைத்துள்ள மிகக்கூடிய, மிகக்குறைந்த அளவுகளை நோக்க வேண்டும்.

சேற்றை மிதிக்கையில் அடங்கியிருந்த வாயு கிளம்பும். ஆகவே இறங்குபவரின் மார்பருகே கருவியும், உடலில் கயிறும் இருத்தல் வேண்டும். அவர் மயங்கினால், மேலே நிற்போர் கயிற்றால் இழுத்தெடுக்க வேண்டுமேயன்றி, ஒருவரும் பின்னால் இறங்கலாகாது.