ஸ்கேனர் வாங்கப் போறியா? அக்கா சொல்லுதேன் கேளு

தங்கச்சி, வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் ரேடியோ ஸ்கேனர் வாங்கணும், எது நல்லதுன்னு கேட்டிருந்தே. முதல்லயே சொல்லிடுதேன். பெட்டி மேல ‘ஸ்கேனர்’னு எழுதி ஐம்பதாயிரத்துக்கு மேல விக்கிற சாமானை நீ வாங்காண்டாம். யூனிடன் மாதிரி கம்பெனிகள் அதை அமெரிக்காவை மனசில வச்சுத்தான் செய்யுது. அங்கே போலீஸும் தீயணைப்பும் பேசுற முறை வேற. ஊர்வாரியா அலைவரிசைப் பட்டியலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். சில மாடல்ல உன் தபால் எண்ணைப் போட்டாப் போதும், அக்கம்பக்கத்துல யார் யார் வயர்லெஸ்ல பேசுதாங்கன்னு அதுவே தேடி வச்சிரும். அஞ்சு இலக்கம் கேக்கிற பெட்டியில நம்ம நாகர்கோவில் 629001-ஐ எப்படிப் போடுவே? அந்தப் பட்டியல் உதவாத ஊர்ல அந்த விலை கொடுக்கிறது சக்கரத்தைக் கடல்ல எறியுற வேலை.

டிஜிட்டல்னு போட்டிருக்கே, எல்லாம் கேக்கும்லான்னு நினைக்காதே. டிஜிட்டல் பேச்சுல பல வகை இருக்கு. ஒரு வகையைப் பிரிக்கத் தெரிஞ்ச கருவிக்கு இன்னொண்ணு வெறும் இரைச்சல்தான். பூட்டுப் போட்டு அனுப்புறதை எந்த விலை கொடுத்த கருவியும் திறக்காது.

சட்டத்தையும் கேட்டுக்கோ. இந்த விஷயத்தை ரொம்ப காலம் 1885 தந்திச் சட்டமும் 1933 வயர்லெஸ் சட்டமும்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்போ 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கு. அதோட 42-வது பிரிவு, அனுமதியில்லாம அடுத்தவங்க செய்தியை இடைமறிச்சா மூணு வருஷம் வரை ஜெயில், இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம்னு சொல்லுது. போலீஸ், துறைமுகம், கம்பெனி வயர்லெஸ் எல்லாம் உனக்காகப் பேசுறது இல்லை, அந்தப் பக்கமே போகாதே. ஆன்லைன்ல கிடைக்குதுன்னா சட்டப்படி சரின்னும் எடுத்துக்காதே. லைசென்ஸ் விவரம் சொல்லாம வாக்கிடாக்கி வித்ததுக்காக 2025 மே மாசம் பெரிய பெரிய ஆன்லைன் கடைகளுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பிச்சு. கேக்க மட்டும் செய்யுற கருவி போதும். பேசுற பட்டன் உள்ள சாமானை லைசென்ஸ் எடுக்கிற வரை தொடாதே.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துத் தங்கச்சிமாருக்கு இதைத் தனியாச் சொல்லணும். கடலுக்குப் போன ஆளு குரலை வீட்டிலிருந்தே கேக்க முடியுமான்னுதான் அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். ஆசை நியாயமானது. 2017 நவம்பர் கடைசியில ஓகிப் புயல் அடிச்சப்போ கரையில நின்னவங்களுக்கு அந்தத் தவிப்பு நல்லாத் தெரியும். ஆனா போட்டுல இருக்கிற வயர்லெஸ் வி.எச்.எஃப். வகை, அந்த அலை நேர்கோட்டுல போறது. பூமி வளையுற இடத்தைத் தாண்டி அதிகம் போகாது. கணக்கு லேசு. ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடு, அதோட வர்க்கமூலத்தை 4.1-ஆல பெருக்கு, அத்தனை கிலோமீட்டர்தான் எட்டும். உன் மொட்டைமாடிக் கம்பம் தரையிலிருந்து 9 மீட்டர்னா 12 கிலோமீட்டர். போட்டுக் கம்பம் 4 மீட்டர்னா 8 கிலோமீட்டர். ரெண்டையும் கூட்டினா 20. ஆழ்கடலுக்குச் சுறா, சூரை பிடிக்கப் போற நம்ம ஆட்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கிறாங்க. ஓகி சமயத்துல அவங்க பலபேருக்கு எச்சரிக்கை போய்ச் சேராததுக்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். சட்டம் விட்டாலும் இயற்கை விடாது. அந்த வேலைக்குச் செயற்கைக்கோள்தான் வேணும். இஸ்ரோ நாவிக் வழியாச் செய்தி போற கருவியைப் போட்டுல வைக்கச் சொல்லு, அதுக்குச் செலவழிச்சா பலன் இருக்கு.

கரையில இருக்கிற உனக்கு வானிலை எச்சரிக்கைக்கு நல்ல சாமான் பேட்டரியில ஓடுற சின்ன டிரான்சிஸ்டர்தான். கோணத்துல இருக்கிற நாகர்கோவில் வானொலி, எஃப்.எம். 101. இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம்னு 1984 அக்டோபர் 30-ல தொடங்கினது அதுதான். நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இது தெரியாது. கரண்டும் டவரும் போன ராத்திரி அது பேசும், செல்போன் பேசாது.

சரி, பொழுதுபோக்கா, கத்துக்கிறதுக்கா, பிள்ளைகளோட சேந்து வானத்தைக் கேக்கணும்னா வழி இருக்கு. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர்.னு ஒரு சின்ன யு.எஸ்.பி. டாங்கிள் வாங்கு. கம்ப்யூட்டர்ல டி.வி. பாக்கிறதுக்குச் செஞ்ச சிப்புதான் அது. 2012 வாக்குல, அதை வச்சு வேற பல அலைவரிசைகளையும் கேக்கலாம்னு சில பேரு கண்டுபிடிச்சாங்க. சுமார் 24 மெகா ஹெர்ட்ஸ்லேர்ந்து 1,700 மெகா ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். விலை சில ஆயிரம். அதுலயும் பாத்து வாங்கு. நீலப் பிளாஸ்டிக் கூட்டுல வர்ற மலிவானது சூடேற ஏற அலைவரிசை நகந்து போகும். உலோகக் கூடு, திருகுற எஸ்.எம்.ஏ. கனெக்டர், விவரத்துல டி.சி.எக்ஸ்.ஓ. 1 பி.பி.எம்.னு போட்டிருக்கணும். இந்த மூணும் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடு. அரை மணி நேரத்துல கை வைக்க முடியாத சூடு வரும், பயப்படாதே, அதோட குணம் அது. லேப்டாப்ல நேராச் சொருகாம சின்ன எக்ஸ்டென்ஷன் வயர்ல தொங்கவிடு.

விண்டோஸ்ல சொருகினதும் அது டி.வி. டிரைவரைத் தானாப் போட்டுக்கிடும். அப்புறம் எந்த மென்பொருளும் டாங்கிளைக் கண்டுக்காது, டாங்கிள் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புறவங்க உண்டு. ஜாடிக்னு ஒரு இலவச மென்பொருள், அதுல டிரைவரை மாத்தினாச் சரியாயிடும். கேக்கிறதுக்கு எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் போதும், அதுவும் இலவசம்.

கெயின்னு ஒரு நகர்த்தி இருக்கும், புதுசா வாங்கினவங்க எல்லாரும் அதை முழுசா ஏத்திடுவாங்க. கோணம் டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்து வீடுன்னா 101-ஓட பாட்டு திரையில அங்கங்கே பேய் மாதிரி முளைக்கும். அது நிஜமான நிலையம் இல்லை, டாங்கிள் திணறுது. கெயினைக் கீழே இறக்கி, பைய ஏத்து. கீழே ஓடுற இரைச்சல் கோடு லேசா எழும்புற இடத்துல நிறுத்திடு. அப்பவும் தீரலேன்னா 88 முதல் 108 வரை வெட்டுற எஃப்.எம். ஃபில்டர் ஒண்ணு வாங்கி நடுவில மாட்டு.

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஆன்டெனா. துட்டு மிச்சம் இருந்தா கருவியில போடாதே, இதுல போடு. டாங்கிள்கூட வர்ற குட்டிக் கம்பியை ஜன்னல்ல வச்சுக்கிட்டு ஒண்ணும் கேக்கலைன்னு சலிக்கிறவங்கதான் அதிகம். நீயே செய்யக்கூடியது ஒண்ணு சொல்லுதேன். ரெண்டு அலுமினியக் கம்பி, ஒவ்வொண்ணும் 53.4 சென்டிமீட்டர். எலெக்ட்ரீஷியன் வயர் சேக்கிற திருகுக் கட்டையில ரெண்டையும் பொருத்து. நடுக்கோணம் 120 டிகிரி, அதாவது நல்லா விரிஞ்ச ‘வி’ எழுத்து. ஒரு கம்பிக்குக் கேபிளோட நடுக்கம்பி, இன்னொண்ணுக்கு வெளிவலை. இதைத் தரைக்குப் படுக்கையா, விரிஞ்ச வாய் வடக்கையோ தெற்கையோ பாக்கிற மாதிரி ஒரு பி.வி.சி. குழாய் உச்சியில கட்டு. இரும்புக் கம்பம்னா ஒரு முழமாவது தள்ளி நிக்கணும். கேபிளுக்கு டிஷ் டி.வி.க்காரங்க இழுக்கிற ஆர்.ஜி. 6 போதும். கேக்க மட்டும்தானே, அதுக்கு மேல விலை கூடினது தேவையில்லை. மெல்லிசாக் கறுப்பா வர்ற கேபிள் மட்டும் நீளமாப் போட்டுறாதே, பிடிச்ச சிக்னலை வழியிலேயே தின்னுரும்.

நம்ம ஊர்க் கடல்காத்துக்குச் செம்பு கொஞ்ச நாள்ல பச்சை பூத்துரும். மாடியில வர்ற ஒவ்வொரு இணைப்பையும், இழுத்துச் சுத்தினாத் தனக்குத்தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பால மூடு. கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துக்கு முன்னால ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணி அங்கேயே சொட்டிரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம்னா ஆடிக்காத்துக்குக் குழாயை மூணு பக்கமும் இழுத்துக் கட்டணும், காத்தாடி நட்டிருக்கிற ஊர்ல ஒத்தைக் கம்பம் நிக்காது. கரண்டுக் கம்பிக்கு மேலயோ கீழயோ எந்த வயரையும் கொண்டு போகாதே. கம்பம் சாஞ்சு விழுந்தாலும் கரண்டுக் கம்பியைத் தொடாத தூரத்துல நடு.

ஆன்டெனா மாட்டியும் ஒரே ‘கர்ர்’ சத்தம்னா வீட்டுக்குள்ளதான் கள்ளன். லேப்டாப்பை பேட்டரியில வச்சுக்கிட்டு மெயினை அணை, இன்வெர்ட்டரையும் மறக்காதே. சத்தம் போச்சுன்னா ஒண்ணொண்ணாப் போட்டுப் பாரு. மலிவு எல்.இ.டி. பல்பு, செல் சார்ஜர், இந்த ரெண்டுல ஒண்ணு மாட்டும். அந்தச் சவத்தைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு.

இனி என்ன கேக்கலாம்னு பாப்போம். சர்வதேச விண்வெளி நிலையத்திலேர்ந்து அமெச்சூர் ரேடியோ 145.800 மெகா ஹெர்ட்ஸ்ல வரும். சுமார் 400 கிலோமீட்டர் உயரம், தலைக்கு மேல வந்தா பத்து நிமிஷம் கேக்கும். வர்றப்போ 145.803-ல பிடிக்கும், நேர் மேல 145.800, கடல் பக்கம் இறங்குறப்போ 145.797. ரயில் கடந்து போறப்போ ஹாரன் சத்தம் இறங்குதுல்லா, அதே சங்கதி. பத்தாங்கிளாஸ் பிள்ளைக்கு டாப்ளரைக் கண்ணால காட்ட இதைவிட லேசான வழி இல்லை. 2025 ஜூலையில விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கேயிருந்து நம்ம நாட்டுப் பிள்ளைகள்கிட்ட அமெச்சூர் ரேடியோவிலயும் பேசினார். சில நாள்ல அங்கேயிருந்து ஒலியா மாத்தின படங்களை அனுப்புவாங்க. ரோபோ36-னு ஒரு செயலியைத் திறந்து போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சாப் போதும், வரி வரியாப் படம் இறங்கும்.

நீ செஞ்ச ‘வி’ ஆன்டெனா உண்மையில வானிலைச் செயற்கைக்கோளுக்கானது. இங்க ஒரு எச்சரிக்கை. யூடியூப்ல இருக்கிற பழைய வீடியோ எல்லாம் நோவா 15, 18, 19-ஐப் பிடிக்கத்தான் சொல்லித்தரும். அந்த மூணையும் 2025-ல நிறுத்திட்டாங்க. அதைத் தேடி மாடியில நின்னு வெயில் காயாதே. ரஷ்யாவோட மீட்டியோர் எம்2-3, எம்2-4, ரெண்டும் 137.9 மெகா ஹெர்ட்ஸை ஒட்டி டிஜிட்டலா அனுப்புது. சாட்டம்ப்ங்கிற இலவச மென்பொருள் படமாக்கித் தரும். கன்னியாகுமரி முனையும் இலங்கையும் மேகமும் ஒரே படத்துல வர்றதை உன் கையால பிடிச்சாத்தான் அந்த ருசி தெரியும்.

விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகா ஹெர்ட்ஸ்ல எல்லாருக்கும் பொதுவா அறிவிச்சுக்கிட்டே போகும். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைஞ்ச கம்பி ஒண்ணே போதும், திருவனந்தபுரம், கொழும்பு, மாலத்தீவு போற விமானம் எல்லாம் வரைபடத்துல ஊரும். தெக்கே மலை இல்லாத கடல் நமக்கு. இந்த விஷயத்துல மெட்ராஸ்காரங்களைவிட நாம கொடுத்து வச்சவங்க.

கேட்டுக் கேட்டுப் பேசவும் ஆசை வந்தா ஹாம் லைசென்ஸ், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடு. பன்னிரண்டு வயசு ஆனா யாரும் எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்துற பரீட்சை, கீழ்நிலை, மேல்நிலைன்னு ரெண்டு தரம் இருக்கு. மேல்நிலைக்கு மட்டும் மோர்ஸ் கேப்பாங்க. இது ஆம்பிளைங்க விளையாட்டுன்னு யாராவது சொன்னா பாரதி பிரசாத் பேரைச் சொல்லு. 2004 டிசம்பர்ல அந்தமான்ல ஹாம் நிலையம் போட்டிருந்தாங்க. 26-ஆம் தேதி சுனாமி வந்து மத்த தொடர்பெல்லாம் அறுந்தப்போ, அவங்க நிலையத்தை அப்படியே அவசரச் செய்திக்குத் திருப்பிவிட்டாங்க. அதே காலையில நம்ம கொளச்சலும் மணக்குடியும் என்ன ஆச்சுன்னு உனக்கு நான் சொல்லாண்டாம்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் தள்ளிப் போடாதே. சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் நம்ம பக்கம் இடி சாயங்காலம்தான் வரும். மலைப்பக்கம் கறுத்தா உடனே டாங்கிள்லேர்ந்து கேபிளைக் கழட்டு, முனையை ஜன்னலுக்கு வெளியே போட்டுறு. மேல சத்தம் கேட்ட பிறகு கழட்டப் போகாதே. ஊருக்குப் போறதா இருந்தாலும் கழட்டி வச்சிட்டுத்தான் பூட்டணும். திரும்பி வந்து மாட்டுறதுக்கு முன்னால மாடிக்குப் போய் அந்த ரப்பர் டேப்பு எங்கேயாவது பிரிஞ்சிருக்கான்னு ஒரு தடவை பாத்துரு.