பிளம்ஸ் சாப்பிடுங்க... கொட்டையை உடைக்காதீங்க!

மே, ஜூன் மாதம் வந்தால் போதும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மாம்பழத்துக்குப் பக்கத்திலேயே கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னப் பழங்கள் குவிந்து கிடக்கும். கொடைக்கானல், நீலகிரி மலைகளிலிருந்து இறங்கி வரும் பிளம்ஸ்! "நம்ம வீட்டுத் தோட்டத்துல வெச்சா காய்க்குமா?" என்று ஆசைப்படாதீர்கள். ரகத்துக்கு ஏற்ப, சில நூறு மணி நேரமாவது நல்ல குளிர் பட்டால்தான் இந்த மரம் ஒழுங்காகப் பூக்கும். நம்ம கடற்கரை ஊரில் அதற்கு எங்கே போவது?

சொந்தக்காரர்கள் யார்?

பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட், செர்ரி எல்லாம் 'புரூனஸ்' என்ற ஒரே இனம். வெளியே சதை, நடுவே ஒற்றைக் கொட்டை. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்பகோடா, உலர்த்திய பிளம்ஸ்தான்! இன்னொரு சொந்தக்காரர் பாதாம். அதில் மட்டும் சதையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பருப்பைச் சாப்பிடுகிறோம்.

"அப்போ பிளம்ஸ் பருப்பும் உடம்புக்கு நல்லதுதானே?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் ஆபத்து!

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வாதாங்கொட்டையைக் கல்லால் தட்டி, பருப்பை எடுத்துத் தின்பது கைவந்த கலை. அதைத் தின்னலாம், தப்பில்லை. ஆனால் தெருவோரம் நிற்கும் அந்த வாதா மரம் பாதாமுக்கும் பிளம்ஸுக்கும் உறவே கிடையாது, பெயர்தான் ஒட்டிக்கொண்டது. அதே கை பிளம்ஸ் கொட்டையையும் தட்டிப் பார்க்கும், கவனம்!

உள்ளே என்ன இருக்கிறது?

பிளம்ஸ், பீச், ஆப்ரிகாட் கொட்டைகளின் பருப்பில் 'அமிக்டலின்' என்ற பொருள் இருக்கிறது. பருப்பை மென்றால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். கடையில் வாங்கும் இனிப்புப் பாதாமில் அமிக்டலின் மிக மிகக் குறைவு, பயப்பட வேண்டாம். ஏதாவது ஒன்று கசந்தால் துப்பிவிடுங்கள். பச்சை ஆப்ரிகாட் பருப்பில் சிறியதாக மூன்றுக்கு மேல் தின்றாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம்!

இதே பொருளை 'விட்டமின் பி17' என்று சொல்லி, புற்றுநோய்க்கு மருந்தாக விற்பவர்களும் உண்டு. இது விட்டமினே அல்ல. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் குணமாகவில்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியதுதான் மிச்சம்.

தெரியாமல் விழுங்கிவிட்டால்?

முழுக் கொட்டையை விழுங்கினால் பெரும்பாலும் உடையாமல் வெளியேறிவிடும். விஷம் ஏறாது. ஆனால் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கி மூச்சு அடைக்கலாம். எனவே கொட்டையை நீக்கிவிட்டு, பழத்தை நறுக்கிக் கொடுங்கள்.

பருப்பை மென்று தின்ற பிள்ளைக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சமிருக்கும் கொட்டையையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

பழம் தாராளமாகச் சாப்பிடலாம்!

100 கிராம் பிளம்ஸில் சுமார் 46 கலோரிதான். அதே 100 கிராம் உலர்ந்த பழத்தில் சுமார் 240! சர்க்கரை நோயாளிகள் உலர் பழத்தை அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மலச்சிக்கலுக்கு உலர் பிளம்ஸ் நல்ல கைமருந்து. அதிலுள்ள நார்ச்சத்தும் 'சார்பிட்டால்' என்ற சர்க்கரைப் பொருளும் மலத்தை இளக்கும். இரவு நாலைந்து பழத்தை ஊற வைத்து, காலையில் சாப்பிட்டுப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உலர் பழத்தில் பொட்டாசியம் அதிகம்.

சதை வயிற்றுக்கு, கொட்டை குப்பைக்கு! பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.