டாலி ஓடும் கடைக்கு எந்த சர்வர்?

மணப்பாறையில் முறுக்கு மொத்த வியாபாரம், மாட்டுத்தீவன ஏஜென்சி, அரிசி மண்டி, ஹார்டுவேர் கடை என எங்கே போனாலும் பெரும்பாலும் கணக்கு டாலியில்தான் ஓடுகிறது. இரண்டு பேர் பில் போடும்வரை சிக்கல் இல்லை. நான்காவது, ஐந்தாவது சீட் வந்ததும் வேகம் விழுகிறது. 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 நெருங்கும் நாட்களில் ஸ்டாக் சம்மரியைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது. உடனே முதலாளி திருச்சிக்குப் போய்ப் ‘பெரிய சர்வர்’ ஒன்றை இறக்கிவிடுகிறார். பணம் போகிறது, வேகம் வருவதில்லை. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா என்பது பிறகு கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, கணக்குப் போடும் வேலை எந்தப் பெட்டியில் நடக்கிறது என்பதுதான். இதில் தெளிவு இல்லாமல் கொட்டேஷன் வாங்காதீர்கள்.

டாலி பிரைமில் சில்வர் ஒரு கம்ப்யூட்டருக்கு. கோல்டு ஒரே லேனில் உள்ள பல கம்ப்யூட்டர்களுக்கு. கோல்டு வைத்திருக்கும் நம்மூர்க் கடைகளில் வழக்கமான அமைப்பு இது: டேட்டா ஃபோல்டர் ஒரு பெட்டியில் இருக்கும், அதை மற்றவர்களுக்கு ஷேர் செய்திருப்பார்கள், ஒவ்வொரு சீட்டிலும் டாலி தனித்தனியாக ஓடும். சர்வர் என்று நாம் சொல்லும் பெட்டி இங்கே குதிர் மாதிரி. நெல் அங்கே இருக்கிறது. அளந்து எடுத்துப்போய்க் குத்துவது அவரவர் வீட்டில். ஸ்டாக் சம்மரி கேட்டால், கோப்புகள் வயர் வழியாக அந்த சீட்டுக்கு வந்து, அந்த சீட்டின் பிராசஸர்தான் கூட்டிக் கழிக்கிறது. அப்படியிருக்க, சர்வரில் 16 கோர் இருந்து என்ன பயன்? அதற்குத் தேவை வேகமான எஸ்எஸ்டி, நல்ல வயர், நிற்காத மின்சாரம். பிராசஸருக்கான பணத்தை சீட்டுகளில் போடுங்கள்.

இரண்டாவது வகை எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டா வைக்கும் மென்பொருள்கள். பிஸி போன்றவற்றில் இந்த வசதி உண்டு. பல பில்லிங், இஆர்பி மென்பொருள்களும் இப்படித்தான். இவற்றில் தேடுவதும் கூட்டுவதும் பெரும்பாலும் சர்வரிலேயே நடக்கும், சீட்டுக்கு விடை மட்டும் வரும். எனவே ராமும் பிராசஸரும் சர்வரில் இருக்க வேண்டும். இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு, 2022 வரை, ஒரு டேட்டாபேஸை 10 ஜிபிக்கு மேல் வளர விடாது; டேட்டாவைத் தாங்க ஏறக்குறைய 1.4 ஜிபி ராமைத்தான் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பிரஸை வைத்துக்கொண்டு 64 ஜிபி ராம் வாங்குவது வீண்.

மூன்றாவது, எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒரே பெட்டிக்குள் போய் வேலை செய்வது. கடை மணப்பாறையில், கிளை வையம்பட்டியில் என்றால் இதுதான் சரியான வழி. டாலியும் இங்கே சர்வருக்குள்ளேயே ஓடும். அதனால் உண்மையிலேயே பெரிய பெட்டி தேவைப்படுவது இந்த வகைக்குத்தான். என் கணக்கு: விண்டோஸ் சர்வருக்கு 8 ஜிபி, அதற்கு மேல் ஆளுக்கு 2 ஜிபி. விண்டோஸ் 11 ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ரிமோட்டில் உட்காரலாம். அதை உடைத்து ஐந்து பேரை உட்கார வைக்கும் பேட்ச் ஒன்றைப் பலர் போட்டுத் தருகிறார்கள். உரிமமும் மீறப்படும், ஒரு விண்டோஸ் அப்டேட்டில் கடையே நிற்கும். விண்டோஸ் சர்வரும் ஆளுக்கான உரிமங்களும் வாங்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை மோடமில் நேராக இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே நுழையும் வாசல்களில் அது முக்கியமானது. விபிஎன் போட்டு அதன் வழியாக வாருங்கள்.

உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரியவில்லையா? விற்றவரைக் கேட்பதைவிட நீங்களே பார்க்கலாம். சர்வரிலும் ஒரு சீட்டிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சீட்டில் ஒரு வருட ஸ்டாக் சம்மரியை ஓட விடுங்கள். சீட்டின் சிபியு ஏறி, சர்வரின் சிபியு சும்மா இருந்தால் முதல் வகை. மாறி நடந்தால் மற்றவை.

அடுத்தது வயர். இதற்கும் ஒரு சோதனை உண்டு. 1 ஜிபி உள்ள ஏதாவது ஒரு கோப்பை சர்வரிலிருந்து சீட்டுக்குக் காப்பி செய்யுங்கள். 10 வினாடிக்குள் முடிந்தால் லேன் ஆயிரம் எம்பிபிஎஸ்ஸில் நன்றாக ஓடுகிறது. ஒன்றரை நிமிடம் ஆனால் எங்கோ 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சோ சரியாகப் பிடிக்காத கேபிளோ இருக்கிறது. புது சர்வர் வாங்கத் தயாராக இருந்த கடைகளில் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை மாற்றியதிலேயே புகார் நின்றிருக்கிறது. கேபிள் கேட்-6, முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியது விலை குறைவு. கையில் எடுத்தாலே கனம் குறைவு என்று தெரியும், கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். பில்லிங் சீட்டுக்கு வைஃபை வேண்டாம். டாலி டேட்டா வைஃபையில் போகவே கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு முறையும் டாலி டேட்டா ஃபோல்டரைத் துழாவிக்கொண்டிருக்கும். அந்த ஃபோல்டரை மட்டும் விலக்கிவிட்டுப் பாருங்கள். சர்வர் தானாக ஸ்லீப் போவதையும் நிறுத்துங்கள்.

இனி பெட்டி. முதல் வகைக்கு, எட்டு சீட் வரை, சர்வர் என்று பெயர் போட்ட எதுவும் தேவையில்லை. இன்றைய ஐ3 அல்லது ஐ5, 16 ஜிபி ராம், ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி மிரர் செய்த இரண்டு 500 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ப்ரோ. இந்தப் பெட்டியில் யாரும் உட்கார்ந்து பில் போடக்கூடாது, படம் பார்க்கக்கூடாது. ப்ரோவில் ஒரே நேரத்தில் 20 கம்ப்யூட்டர்கள்தான் ஷேருக்குள் வரலாம். அதைத் தாண்டும்போது விண்டோஸ் சர்வர் பக்கம் போங்கள். சீட்டுகளுக்கும் ஐ3, 8 ஜிபி, எஸ்எஸ்டி போதும். ஆனால் கணக்கர் உட்காரும் சீட்டுக்கு ஐ5, 16 ஜிபி கொடுங்கள். பேலன்ஸ் ஷீட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் அங்கேதான் ஓடுகின்றன. கீபோர்டில் நம்பர் பேட் கட்டாயம். நான் டிவிஎஸ் கோல்டு தவிர வேறு போடுவதில்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ராக் சர்வரை வாங்காதீர்கள். கோர் நிறைய, ஒவ்வொரு கோரும் மெதுவாக இருக்கும். கரண்ட் தின்னும், சித்திரை வெயிலில் அந்த அறையில் ஆள் இருக்க முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே பழைய கம்ப்யூட்டர் வாங்கினாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 ஏறாது.

எடை மேடை இருப்பவர்கள் சீரியல் போர்ட்டை மறந்துவிடுகிறார்கள். பல மேடைகளின் இண்டிகேட்டர் ஆர்எஸ்-232 வயரில்தான் எடையை அனுப்பும். புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தப் போர்ட் இல்லை. யுஎஸ்பி கன்வெர்ட்டரைவிட உள்ளே செருகும் கார்டு நல்லது. அரிசி மாவும் தவிடும் பறக்கும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிடுங்கள்.

மின்சாரத்தில்தான் டேட்டா அதிகம் சாகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே தெரிந்துவிடும். சட்டென்று போய் வருகிற கரண்ட்தான் ஆபத்து. சர்வருக்கு 1 கேவிஏ யுபிஎஸ் போட்டுவிட்டு ஸ்விட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போனதும் சர்வர் ஓடும், ஸ்விட்ச் செத்துவிடும், பாதி எழுதிய வவுச்சர் பாதியிலேயே நிற்கும். அப்புறம் கம்பெனியைத் திறந்தால் ரிப்பேர் செய்யச் சொல்லும். வேலை சீட்டில் நடக்கிறது என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: சீட்டின் கரண்ட் போனாலும் அதே கதிதான். சர்வர், ஸ்விட்ச், ஒவ்வொரு சீட், எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். சீட்டுக்கு 600 விஏ போதும். பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், முக்கியமாக லேசர் பிரிண்டரை. வீட்டு இன்வெர்ட்டர் மாறும் நேரம் நீளம். அதை நம்ப வேண்டாம்.

கடைசியாக பேக்கப். மிரர் டிஸ்க் பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே நொடியில் அழியும், ரான்சம்வேர் வந்தால் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். தினமும் மாலை ஒன்றில் எடுத்ததும் கழற்றிவிடுங்கள், மற்றது வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். புதன்கிழமை வைத்துக்கொண்டால் சந்தை நாள் என்று மறக்காது. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்க வேண்டும். எனவே மார்ச் முடிவு பேக்கப்பைத் தனியாக எடுத்து, அழிக்காமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில், புது ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்து, ட்ரையல் பேலன்ஸும் கடைசி பில் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரின் மேல் மட்டும் ரெஸ்டோர் செய்துவிடாதீர்கள், அன்றைய பில்கள் மொத்தமும் போய்விடும்.