சேலத்து வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?

சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், காருக்குள் ஹீட்டர் என்றாலே சிரிப்புத்தான் வரும். அதனால்தான் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரின் டாப் ஹோஸையும் பாட்டம் ஹோஸையும் பார்ப்பார்கள். ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு மெல்லிய ஹோஸ்களைத் தொடவே மாட்டார்கள். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் நெருங்கிய உறவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஆகட்டும், எம்.ஜி.பி. ஆகட்டும், ஹீட்டர் உள்ள வண்டி எதற்கும் இதே கதிதான்.

“ஹீட்டரைப் போடுவதே இல்லையே, ஹோஸ் எப்படிக் கெடும்?” என்பது முதல் நம்பிக்கை. ஹீட்டர் வால்வை மூடினால் தண்ணீர் ஓடுவது நிற்கும், அழுத்தம் நிற்காது. திரும்பி வரும் ஹோஸ் வாட்டர் பம்ப்போடு இணைந்தே இருப்பதால், ரேடியேட்டரில் உள்ள அழுத்தம் இங்கும் இருக்கும். ரப்பரும் வயதாவதை நிறுத்துவதில்லை. ஷெட்டில் நின்ற வண்டி என்று அது சலுகை காட்டாது.

“வெளியே ஒரு கீறல்கூட இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது” என்பது அதைவிட ஆபத்தானது. இன்றைய ஹீட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். கூலண்ட், உலோகக் குழாய், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சிறு பேட்டரிபோல வேலை செய்து, ஹோஸை உள்ளிருந்து அரிக்கும். மயிரிழை போன்ற வெடிப்புகள் பெரும்பாலும் கிளிப்பை ஒட்டிய இரண்டு அங்குலத்துக்குள்தான் தொடங்கும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கிளிப்புக்குப் பக்கத்திலும் நடுவிலும் விரலால் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரம் மட்டும் மெத்தென்று அமுங்கினாலோ, உள்ளே நெறுநெறுவென்றாலோ அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. வெளியே மினுமினுப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

“மலை ஏறும்போது கொதித்தால் ரேடியேட்டர்தான் குற்றவாளி.” எப்போதும் அல்ல. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தாங்கும் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேலே உயர்கிறது, 7 பி.எஸ்.ஐ. மூடி என்றால் 12 டிகிரி லாபம். ஹீட்டர் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால் அந்த அழுத்தமே தங்காது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருப்பீர்கள். வண்டியோ 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாது.

இந்தத் தொல்லைக்குப் பட்டறைகளில் உடனே கிடைக்கும் மருந்து, ஹீட்டர் குழாயை அடைத்துவிடுவது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும் முன் தண்ணீர் சுற்றுவதற்கு அந்தப் பாதையும் உதவுகிறது. அதோடு ஹீட்டர் என்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர். ஏற்காட்டிலோ, 70 வளைவுள்ள கொல்லிமலையிலோ முள் சிவப்பை நோக்கி ஏறினால், ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவேகத்தில் போடுங்கள். வேர்த்து ஊற்றும். ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் குறையும், ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே ரகம்: இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடி, பெட்ரோலைக் குடித்து, ஆயிலைக் கெடுக்கும்.

ஹோஸ் விஷயத்தில் “எந்தக் குழாயானாலும் ஒன்றுதான்” என்பார்கள். நாமக்கல்லில் லாரிக்குக் கிடைக்காத ஹோஸ் இல்லை; அதற்காகப் பெட்ரோல் ஹோஸையோ காற்று ஹோஸையோ இங்கே மாட்ட முடியாது. அவை சூடான கூலண்டுக்குச் செய்தவை அல்ல.

மாற்றும்போது பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள். ஹீட்டரின் குழாய் மெல்லிய செம்போ பித்தளையோதான். வளைந்தால் ஈயப்பற்று விட்டுவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். புதிய ஹோஸ் ஏறவில்லை என்று கிரீஸ் தடவக் கூடாது, அது ஈ.பி.டி.எம்.மை ஊத வைக்கும்; கொஞ்சம் கூலண்ட் போதும். கிளிப்பை வெறிகொண்டு முறுக்கினாலும் ரப்பர் வெட்டுப்படும். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, காற்று வெளியேறும்வரை நிதானமாகக் கூலண்டை ஊற்றுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு ரேடியேட்டரில் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. வடித்த பழைய கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள்; இனிக்கும் விஷம் அது, நாய் குடித்தால் பிழைப்பது கஷ்டம்.

வண்டி ஓடி ஆறியதும் கிளிப்புகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். கடைக்குப் போகும்போது பழைய ஹோஸ் துண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் கண்ணளவில் ஏமாற்றும்.