நாயின் முகத்தில் ஆறாத புண்: காரணமும் சிகிச்சையும்

களத்தையும் பட்டியையும் தோட்டத்தையும் காவல் காக்கும் நாயின் உபயோகத்தைக் குடியானவர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு ஜாதிகளாயினும், ஊரிற் பிறந்த சாதாரண நாயாயினும், அறுவடைக் காலத்தில் இரவு முழுவதும் கண்விழித்திருப்பது அதுவே. அப்படியிருந்தும், மாட்டுக்கு நோய் கண்டால் அன்றே வைத்தியரைத் தேடும் நாம், நாயின் முகத்திலுள்ள புண் மாதக்கணக்கில் ஆறாமலிருந்தாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மஞ்சளைப் பூசுகிறோம்; வேப்பெண்ணெயைத் தடவுகிறோம்; கடையிற் கிடைக்கும் களிம்பை வாங்கி அப்புகிறோம். ஒன்றும் பலிக்காதபோது, இது தீராத வியாதியென்று முடிவுகட்டி, நாயைத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உளர். இவ்வாறு கைவிடப்படுபவற்றுட் பல, குணப்படுத்தக்கூடிய நாய்களே.

இக்கட்டுரையில் வற்புறுத்தப்படும் விஷயம் ஒன்றே. முகத்துப் புண் ஆறாதிருப்பதற்குப் பெரும்பாலும் மருந்தின் வலிமைக் குறைவு காரணமன்று. புண்ணுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலகாரணம் நீங்காமையே காரணமாகும். ஆகையால் களிம்பை மாற்றுவதை விடுத்து, காரணத்தைத் தேடவேண்டும்.

எத்தனை நாட்களில் ஆறவேண்டும்?

உடலின் மற்றப் பாகங்களைவிட முகத்திற்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலால் முகத்திற் படும் காயம் விரைவில் ஆறுவதே இயற்கை. சஸ்திர வைத்தியர் இட்ட தையலைக்கூட 10 முதல் 14 நாட்களுக்குள் பிரித்துவிடுவது வழக்கம். சுத்தமாக வைக்கப்பட்ட சிறு காயம் 14 நாட்களுக்குப் பின்னும் ஈரமாகவே இருந்தாலும், ஆறி ஆறித் திரும்ப உடைந்தாலும், அதற்கு உட்காரணம் உண்டென்று கொள்ளவேண்டும். காயம் கண்ட தேதியைச் சுவரிலோ பஞ்சாங்கத்திலோ குறித்துவைத்தால், “சில நாளாக இருக்கிறது” என்ற மயக்கத்திற்கு இடமிராது.

கண்ணுக்குக் கீழே உடையும் புண்: பல்லின் வியாதி

காரணங்களுள் அநேகர் அறியாதது பல்லின் வேர்ச் சீழாகும். நாயின் மேல்தாடையில், ஒவ்வொரு பக்கத்திலும், கோரைப்பல்லுக்குப் பின்னால் நான்காவதாக நிற்கும் பல் கன்னப் பற்களிற் பெரியது. இறைச்சியைக் கத்திரிபோல் அறுப்பது இப்பல்லே. இதற்கு மூன்று வேர்கள் உண்டு. அவற்றின் நுனிகள் கண்ணுக்குச் சற்றுக் கீழேயுள்ள எலும்பிற் பதிந்திருக்கின்றன.

நாய் கெட்டியான மாட்டெலும்பைக் கடிக்கும்போதோ, கல்லைக் கவ்வி விளையாடும்போதோ இப்பல்லின் வெளிப்புறம் பலகைபோலப் பிளந்துவிடுவதுண்டு. பிளவின் வழியே கிருமிகள் பல்லின் உட்சதையிற் புகுந்து, வேர் நுனிவரை சென்று சீழ் கட்டுகின்றன. சீழ் வெளியேற வழி தேடிக் கன்னத்துத் தோலைத் துளைக்கிறது. முதலிற் கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் தோன்றும். சில நாட்களில் அது உடைந்து சீழும் இரத்தமும் கசியும். பிறகு பொருக்குக் கட்டும். இரண்டொரு வாரங்களிலோ மாதங்களிலோ அதே இடத்தில் மறுபடியும் உடையும்.

காண்போர் இதனைத் தோற்புண்ணென்றும், பூனை பிறாண்டியதென்றும், பூச்சிக்கடியென்றும் எண்ணுவர். நாய் மறுபக்கத்துப் பற்களால் மென்று வழக்கம்போல் உண்பதால், பல்லைப்பற்றி ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை. கிருமிநாசினி மாத்திரைகள் கொடுத்தால் புண் சில நாள் காய்ந்துவிடும். அதனால் குணமாயிற்றென்று ஏமாறுவர். பிளந்த பல் இருக்கும்வரை சீழ் ஊறிக்கொண்டே இருக்கும்.

ஒரு கிணற்றடித் தோட்டத்துக் காவல்நாய்க்கு இவ்வாறு வலக்கண்ணின் கீழ் ஏழு மாதம் புண் இருந்தது. மூன்று வகைக் களிம்புகளும் இருமுறை மாத்திரைகளும் செலவாயின. ஒவ்வொரு முறையும் காய்ந்து, ஒவ்வொரு முறையும் உடைந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தபோது அப்பக்கத்துப் பெரும்பல் பிளந்து, பழுப்புநிறக் காரை படிந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தபின், கன்னத்திற்கு ஒரு மருந்தும் இடாமலே பத்து நாளிற் புண் மூடிக்கொண்டது. ஏழு மாதத்துக் களிம்புச் செலவு வீணாயிற்று என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இதற்கு முடிவான சிகிச்சை பல்லை எடுப்பதேயாம். வசதியுள்ள இடங்களில் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பதும் உண்டு. மூன்று வேருள்ள பல்லாகையால், அதனை வெட்டிப் பிரித்து ஒவ்வொரு வேராக எடுக்கவேண்டியிருக்கும். குறட்டால் பிடுங்க முயலுவது தாடையெலும்பை முறிக்கும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பது நலம். இவ்வசதிகள் 1903இல் தொடங்கப்பெற்ற சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகளிலும் கிடைக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முதலிற் காட்டி, அவ்வைத்தியர் சொற்படி செல்வது முறை.

மற்றக் காரணங்கள்

(1) உள்ளே தங்கிய பொருள். ஊசிப்புல்லின் விதை, கருவேல முள், முள்ளம்பன்றி முள் முதலியன தோலுக்குள் முறிந்து தங்கினால், ஒரு சிறு துளையின் வழியாகச் சீழ் ஓயாது வரும். அப்பொருள் எடுக்கப்பட்டாலன்றி ஆறாது.

(2) புழு. புழு வைக்கும் ஈ காயத்தின் ஓரத்தில் முட்டைகளை இடுகிறது. அவை ஒரு நாளைக்குள் பொரித்து, புழுக்கள் தலைகீழாகச் சதையைக் குடைந்து ஏறக்குறைய ஒரு வாரம் தின்னும். முகத்தில் இது கண்ணையே அழித்துவிடக்கூடும். நன்கு வளர்ந்த புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளிவந்து, கன்றின் தொப்புளையும் மாட்டின் கொம்படிப் புண்ணையும் நாடும். எனவே நாயின் புழுப்புண்ணை அசட்டை செய்பவர் தம் தொழுவத்திற்கே தீங்கு தேடுகிறார்.

(3) சொறியும் படர்தாமரையும். இளநாய்களின் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் மயிர் உதிர்ந்து புண்ணானால், மயிர்க்காலில் வாழும் நுண்ணிய உண்ணிகள் காரணமாகலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் நோக்கினாற் புலப்படும். படர்தாமரை குழந்தைகளுக்கும் ஒட்டும்.

(4) கட்டிகள். ஓரம் தடித்தும், பூக்கோசுபோல் வளர்ந்தும், தொட்டால் இரத்தம் கசிந்தும் இருக்கும் புண் புற்றாக இருக்கலாம். வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்களுக்கு வெயிலினால் மூக்கில் இவ்வகை உண்டாவதுண்டு. வேறொன்று, புணர்ச்சியினாலும் முகர்வதாலும் நாய்க்கு நாய் ஒட்டும் கட்டி. இது மூக்கிலும் உதட்டிலும் காணும். பார்வைக்குக் கொடியதாயினும், வாரம் ஒருமுறை போடப்படும் ஊசியினாற் பெரும்பாலும் சில வாரங்களில் முற்றும் குணமாகும். பார்த்தமாத்திரத்தில் நாயைக் கைவிடலாகாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

(5) ஓயாத பிறாண்டல். நாய் காலால் பிறாண்டியும் தரையில் தேய்த்தும் வந்தால் எப்புண்ணும் ஆறாது. ஆயினும் அரிப்பு ஏன் என்பதையும் ஆராயவேண்டும்.

தொடுமுன் கவனிக்கவேண்டுவது

முகத்துப் புண்ணைப் பார்ப்பவர் வாயருகே கை வைக்கிறார். ஆகவே முதலில் வெறிநோயை நினைக்கவேண்டும். நாயின் சுபாவம் திடீரென மாறியிருந்தாலும், குரல் மாறியிருந்தாலும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகினாலும், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கருதி வாய்க்குள் கையை விடுதல் கூடாது. அது வெறிநோயின் குறியாக இருக்கலாம். அந்நாயைத் தனியே அடைத்து வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும்.

முகத்துக் காயம் இன்னதென்று தெரியாத நாயினாலோ நரியினாலோ கடிபட்டதாயின், உறை அணிந்து சோப்பும் ஜலமும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் நாய்க்குத் தடுப்பூசி போடுவிக்கவேண்டும். வெறிநோய் வெளிப்படச் சில வாரங்களோ மாதங்களோ செல்லலாம்.

மனிதர் கடிபட்டாலும், பிறாண்டப்பட்டாலும், கையிலுள்ள கீறலில் எச்சில் பட்டாலும், உடனே சோப்பும் ஓடும் ஜலமும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றை அப்பலாகாது. 1885இல் பாஸ்டர் முதன்முதல் மனிதருக்கு இவ்வியாதியின் தடுப்பூசியைப் போட்டார். 1907இல் குன்னூரில் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. எனினும் வியாதி வெளிப்பட்டபின் அதனைக் குணப்படுத்தும் நம்பத்தக்க மருந்து இன்றும் இல்லை. முன்னதாகப் போடும் ஊசியே உயிரைக் காக்கும்.

பரிசோதிக்கும் முறை

நாய் நல்ல நிலையில் இருப்பதாக நிச்சயித்தபின், அதற்குப் பழகிய ஒருவர் பகல் வெளிச்சத்திற் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கிப் பார்க்கவேண்டும். வாயைத் திறக்க வேண்டுவதில்லை. இரு பக்கத்துப் பற்களையும் ஒப்பிடுக. ஒரு பக்கத்தில் மட்டும் பிளவோ, மிகுந்த காரையோ, ஈற்றின் வீக்கமோ, துர்நாற்றமோ இருந்தால் அதைக் குறித்துக்கொள்க. பிறகு புண் ஒரு துளையா, பரந்த புண்ணா, வளர்ந்த கட்டியா என்பதையும், அதனுள் அசையும் புழு உண்டா என்பதையும் நோக்குக. நாய் வலியால் உறுமினால் அத்துடன் நிறுத்திவிடுக.

வீட்டிற் செய்யத்தக்கன

ஒரு லிட்டர் ஜலத்தைக் கொதிக்கவைத்து ஆற்றி, 9 கிராம், அதாவது சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சுத்தமான துணியால் நாளுக்கு இருமுறை புண்ணைக் கழுவலாம். சுற்றியுள்ள மயிரை முனை மழுங்கிய கத்தரியால் வெட்டலாம். பிறாண்டாதிருக்க, அடியை வெட்டி நீக்கிய பிளாஸ்டிக் வாளியின் ஓரத்தைத் துணியால் சுற்றிக் கழுத்திற் பூட்டலாம். உண்ணவும் குடிக்கவும் தடையின்றி இருக்கிறதாவென்று பார்க்கவேண்டும். ஈ அணுகாத இடத்திற் கட்டவேண்டும். இவை வைத்தியரிடம் செல்லும்வரை செய்யத்தக்கனவேயன்றி, சிகிச்சைக்கு ஈடாகா.

செய்யத்தகாதன

(1) மண்ணெண்ணெய், பினாயில், பழைய என்ஜின் எண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைப் புண்ணில் விடலாகாது. இவை புதிதாக வளரும் சதையைச் சுடும்; கண்ணிற் பட்டால் பார்வை கெடும்; நாய் நக்கினால் உயிருக்கே அபாயம்.

(2) மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. அவற்றுட் பல நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

(3) அரிப்புக்கென விற்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகத் தடவலாகாது. சிவப்பு மறையுமாயினும் புண் ஆறுவது தாமதிக்கும். சொறியும் படர்தாமரையும் பெருகும்.

(4) கிருமிநாசினி மாத்திரைகளை வைத்தியர் குறித்த நாள்வரை கொடாமல் பாதியில் நிறுத்தலாகாது.

வருமுன் காத்தல்

பெரிய மாட்டெலும்புகளையும் வெந்த எலும்புகளையும் நாய்க்கு இடாதிருக்கவேண்டும். கல்லை எறிந்து எடுத்துவரப் பழக்கலாகாது. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தைக் குட்டியிலேயே ஏற்படுத்தினால், பின்னர் அது எளிதில் இணங்கும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, வைத்தியர் கூறும் மறு ஊசியும் பின் ஆண்டுதோறும் ஊசியும் போடவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஆண்டுதோறும் செப்டம்பர் 28ஆம் தேதி, பாஸ்டர் காலமான நாளில், உலக வெறிநோய்த் தினம் அனுஷ்டிக்கப்படுகிறது. அதனையொட்டிக் கால்நடை இலாகாவின் தடுப்பூசி முகாமைத் தம் ஊருக்கு வரவழைத்து, முன்னதாகவே அறிவிப்பது அதிகாரிகள் செய்யத்தக்க பேருதவியாகும். முகாமுக்கு வரும் நாய்களின் பற்களையும் முகத்தையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேட்டுக்கொள்ளலாம். வளர்த்த பிராணியைத் தகுந்த காரணமின்றிப் பசி தாகத்தால் வருந்தும்படி கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமென்பதையும் ஜனங்களுக்கு எடுத்துரைக்கவேண்டும். புண்ணோடு தெருவில் விடப்பட்ட நாய் ஈக்களுக்கு இருப்பிடமாகும். மற்ற நாய்களுடன் கடிபட்டு வெறிநோய்க்கும் ஆளாகலாம். அதனால் வரும் கேடு விட்டவருக்கு மட்டுமன்று, ஊருக்கே உரியது.

14 நாளைக் கணக்கிடுதல், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தல், காரணம் அறியும்வரை களிம்பை நம்பாதிருத்தல் ஆகிய இம்மூன்றையும் குடியானவர்கள் கைக்கொள்வார்களாயின், வீண் செலவு குறைவதோடு, நல்ல காவல்நாய்கள் பலவும் காப்பாற்றப்படும் என்பது திண்ணம்.