வலிக்கு முன் வரும் அடையாளம்

ரப்பர் மரத்தைத் தாக்கும் நோய்களில் வெள்ளை வேர் நோய் பொல்லாதது. பூஞ்சை மண்ணுக்குள்ளேயே வேரைப் பற்றிப் படரும். மேலே மரம் பச்சைப்பசேலென நிற்கும். இலைகள் மஞ்சளாகும்போது வேரின் பெரும்பகுதி அழுகியிருக்கும். ஆதலால், இலையைப் பார்த்துக் காத்திராமல், மரத்தடி மண்ணை விலக்கி, வேரின் மேற்பகுதியில் வெண்ணிற இழைகள் படர்ந்துள்ளனவா எனச் சோதிப்பது தோட்டத்து வழக்கம்.

பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் மறைந்து வளர்கிறது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012–2016 அறிக்கைப்படி, ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே. நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஏழு பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். அதாவது, இலை மஞ்சளான பிறகு.

இந்நோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் சிறு சதைவளர்ச்சி உண்டாகிறது. மருத்துவர்கள் இதைப் 'பாலிப்' என்பர். அது வலிப்பதில்லை. பெரும்பாலான பாலிப்புகள் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மாறுகின்ற சிலவும் அதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளே மனிதனுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

பாலிப்புக்கும் முந்திய அடையாளம் உண்டா? கனடாவில் ஆய்வு செய்த ரஞ்சனா பர்ட் 1987-இல் இக்கேள்விக்கு ஒரு விடையைத் தந்தார். புற்றுநோயைத் தூண்டும் வேதிப்பொருள் செலுத்தப்பட்ட எலிகளின் குடலில் அவர் மெத்திலீன் நீலச் சாயத்தை ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். குடற்சுவரின் நுண்குழிகளில் சில மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவையாகவும் அடர்ந்த நிறத்துடனும் தெரிந்தன. பின்னர் மனிதக் குடலிலும் இத்தகைய குழிகள் காணப்பட்டன. ஆயினும், அவற்றுள் எது புற்றுநோயாகும், எது வாளாவிருக்கும் என்று பிரித்தறிவது எளிதன்று. எனவே, ஆய்வுக்கூடத்தில் பெரிதும் பயன்படும் இவ்வடையாளம் மருத்துவமனையில் பாலிப்பின் இடத்தைப் பிடிக்கவில்லை.

பாலிப்பைக் கண்டவுடன் அகற்றிவிடலாம் என்பதே இதில் பெரிய நன்மை. 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய மருத்துவர்கள், வயிற்றைக் கீறாமல், உள்நோக்குக் குழாய் வழியாகக் கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுத்தனர். அவ்வாறு அகற்றியவர்களிடம் புற்றுநோய் வெகுவாகக் குறைந்ததை 1993-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நோயைக் குணப்படுத்துவது ஒரு புறமிருக்க, இது நோயையே வரவிடாமல் செய்வதாகும்.

ஆனால், எல்லாருடைய குடலுக்குள்ளும் குழாயை விட்டுப் பார்க்க இயலாது. அதனால், மலேசியாவின் அரசாங்கச் சுகாதார நிலையங்களில், 50 முதல் 75 வயது வரையுள்ளோருக்கு முதலில் மலப் பரிசோதனை செய்யப்படுகிறது. சிறு குழாயில் எடுத்துவரும் மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் உள்ளதா என்று பார்க்கின்றனர். இரத்தம் இருந்தால் புற்றுநோய் என்று பொருளன்று; உள்நோக்குச் சோதனை தேவை என்றே பொருள். ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் அச்சோதனை நடைபெறுகிறது. பாலிப்பு எப்போதும் கசிந்துகொண்டிருப்பதில்லை. ஆகவே, ஒருமுறை இரத்தம் இல்லை என்று வந்தாலும் பரிசோதனையை உரிய காலத்தில் மீண்டும் செய்ய வேண்டும்.

தடையாக நிற்பது பெரும்பாலும் கூச்சமே. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மலத்தில் இரத்தம் கண்டால் அவர் மகனிடம் சொல்லமாட்டார்; மருமகளிடம் சொல்லவே மாட்டார். "மூலமாக இருக்கும்" என்று தமக்குத்தாமே முடிவுசெய்து, கருணைக்கிழங்கைச் சமைக்கச் சொல்வார். மூலமாகவும் இருக்கலாம்தான். அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்ததா என்பது. இருந்திருப்பின் 50 வயதுவரை காத்திராமல் முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். இக்கேள்விக்கு அம்முதியவரிடம் விடை இராது. தோட்டத்தில் தம் தந்தை இறந்தபோது அவர் சிறுவன். "வயிற்றுவலி" என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.