விளங்காத சத்தமும் விளங்கும் சத்தமும்

வேதபாகம்: 1 கொரிந்தியர் 14:7, 8, 1 நாளாகமம் 25:7



இந்த மாதப் பாடம் இசைக்குழுவில் உள்ள வாலிபருக்குத்தான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள். வாசிக்கிறவர்களுக்கு இதில் வேலை உண்டு, பாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு.

நம் சபையில் கீபோர்டு வாசித்த சகோதரன் வேலை நிமித்தமாக வெளியூர் போனபின், ஆராதனையில் கிட்டாரும் டிரம்ஸும்தான் மிஞ்சின. அப்போது, ஏற்கெனவே ஒருவர் உபயோகித்த கிட்டார் சிந்தசைசர் ஒன்றை விசுவாசிகளின் காணிக்கையில் வாங்கினோம். அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன்: இதில் கிட்டார் கம்பியை மீட்டினால் ஆர்கன், வயலின், புல்லாங்குழல் என்று வேண்டிய சத்தம் வரும். இது புதுமை அல்ல. ரோலண்டு நிறுவனம் 1977-லேயே ஜிஆர்-500 என்ற கிட்டார் சிந்தசைசரை வெளியிட்டது.

முதல் ஞாயிறு வந்தது. நான் மீட்டியது ஒன்று, ஸ்பீக்கரில் கேட்டது ஒன்று! மெதுவாக வாசித்தால் சில ஸ்வரங்கள் வரவேயில்லை. வேகமாக வாசித்தால் தடித்த கம்பியின் சத்தம் பின்னாலே ஓடி வந்தது. அர்ப்பணிப்பு ஜெபத்தில் எல்லாரும் கண்மூடி அமர்ந்திருக்க, நான் கையை எடுத்தபோது விரல் உரசி, புல்லாங்குழல் "கீச்" என்று கத்திற்று. முழங்காலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போய், "சத்துருவின் தடை" என்று சொல்லி அந்த மெஷின்மேல் கைவைத்துக் கடிந்து ஜெபித்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியேதான். ஆராதனை முடிந்ததும் வயதான ஒரு தாயார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எந்தச் சுருதியில பாடுறதுன்னே தெரியல. அதான் வாயை மூடிட்டு உக்காந்துட்டேன்" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. வியாதியிலும் துதியை நிறுத்தாத தாயார் என் சத்தத்தினால் மௌனமானார்கள்!

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதினது அன்று எனக்கு விளங்கியது. வாத்தியம் எந்த ஸ்வரத்தை ஒலிக்கிறது என்று பிரித்துத் தெரியாவிட்டால் கேட்கிறவனுக்குப் பிரயோஜனம் இல்லை. எக்காளம் குழப்பமாக ஊதினால் போர்வீரன் ஆயத்தப்படமாட்டான் என்கிறான். பாஸ்டர் ஐயாவிடம், "இதை வித்துடலாம் ஐயா" என்றேன். ஐயா கேட்டது ஒரே கேள்வி: "கூட வந்த புஸ்தகத்தைப் படிச்சீங்களா தம்பி?" நான் படிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலியான சபையில் அதைத் திறந்து உட்கார்ந்தேன். பிசாசின்மேல் நான் போட்ட பழி என் ஸ்குரூவிலும் என் கையிலும் இருந்தது தெரியவந்தது. கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. மெஷின் எப்படிக் கேட்கிறது?

சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் ஆறு கம்பிகளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும். இதற்கென்று உள்ள பிக்கப், கம்பிக்கு ஒன்றாக ஆறையும் தனித்தனியே கேட்கும். பதின்மூன்று முள் உள்ள கேபிள் அவற்றைக் கலக்காமல் மெஷினுக்குக் கொண்டுபோகும். மெஷின் அதிர்வை அளந்து, "இது இன்ன ஸ்வரம்" என்று தீர்மானித்த பின்புதான் வயலினையோ ஆர்கனையோ ஒலிக்கச் செய்யும்.

ஒரு முழு அதிர்வாவது முடியாமல் அதை அளக்க முடியாது. தடித்த ஆறாம் கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை அதிருகிறது. ஒரு அதிர்வுக்கே 12 மில்லி விநாடி ஆகும். மெல்லிய முதல் கம்பி சுமார் 330 முறை அதிருகிறது. அதற்கு 3 மில்லி விநாடி போதும். ஆகவே தடித்த கம்பி பிந்தி வருவது இயற்கை விதி. இதை எந்தப் பட்டனாலும் முழுவதும் மாற்ற முடியாது. மற்றவை நம் கையில் இருக்கின்றன.

2. முதலில் கிட்டாரைச் சரிசெய்யுங்கள்

துருப்பிடித்த கம்பி ஒழுங்காக அதிராது. அதைக் கேட்கிற மெஷின் தடுமாறும். என் கம்பிகள் எட்டு மாதம் பழையவை! புதுக் கம்பி போட்டேன். ஸ்டீல் கம்பியே வேண்டும். காந்த பிக்கப் நைலான் கம்பியைக் கேட்காது. பின்பு சுருதி சேர்த்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஸ்வரமும், அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லையென்றால் பிரிட்ஜில் சரிசெய்யவேண்டும். கம்பி ஃப்ரெட்டில் உரசி "ஜிர்" என்று அடித்தால் அந்த இரைச்சலும் மெஷினுக்குப் போகும்.

மெஷின் இல்லாத சுத்தத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே போகிறதே வெளியே வருகிறது.

3. பிக்கப்பின் இடைவெளி

பிக்கப் பிரிட்ஜுக்கு எவ்வளவு அருகில் இருக்கமுடியுமோ அவ்வளவு அருகில் இருக்கவேண்டும். ஒவ்வொரு கம்பியையும் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் வையுங்கள். ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர். அட்டை தடையில்லாமல் நுழைந்து இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் ஏறக்குறைய சரி. தூரமாயிருந்தால் சத்தம் பலவீனப்படும், பக்கத்துக் கம்பியும் உள்ளே நுழையும். மிக அருகிலிருந்தால் பலமாக மீட்டும்போது கம்பி பிக்கப்பில் இடிக்கும். எனக்கு மெல்லிய கம்பிகளின் பக்கம் மூன்று அட்டை நுழைந்தது! ஸ்வரங்கள் காணாமற்போன காரணம் அங்கே இருந்தது.

4. ஒவ்வொரு கம்பிக்கும் சென்சிட்டிவிட்டி

இதுவே பிரதானம். மெஷினில் ஆறு கம்பிக்கும் தனித்தனி சென்சிட்டிவிட்டி உண்டு. எங்கள் மெஷினில் இருந்த அளவுகள் முன்பு வைத்திருந்தவர் தம்முடைய கிட்டாருக்கு வைத்தவை. இன்னொருவர் அளவில் தைத்த சட்டையை நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் கம்பியில் தொடங்குங்கள். துதி ஆராதனையில் எவ்வளவு பலமாக மீட்டுவீர்களோ அவ்வளவு பலமாக மீட்டுங்கள். அளவுக்கோடு உச்சியை நெருங்கவேண்டும், முட்டக்கூடாது. பின்பு ஜெப வேளையில் மீட்டுகிறதுபோல மெதுவாக மீட்டுங்கள். அப்போதும் ஸ்வரம் வரவேண்டும். இப்படியே ஆறையும் செய்து, ஆறும் ஒரே பலமாகக் கேட்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். அளவு கூடினால் விரல் உரசுவதும், பக்கத்துக் கம்பி தானாக நடுங்குவதும் ஸ்வரமாகிவிடும். குறைந்தால் மெல்லிய மீட்டல் தொலைந்துபோகும். கிட்டாரை மாற்றினால் மறுபடி செய்யவேண்டும்.

சபையிலும் சிலர் தடித்த கம்பி, சிலர் மெல்லிய கம்பி. எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறவன் சிலரைக் கத்தச் செய்வான், சிலரை மௌனமாக்குவான்.

5. இரண்டு கருவிகளின் ஒப்பந்தம்

தாயார் சொன்ன சுருதிக் குழப்பத்துக்குக் காரணம் இங்கே அகப்பட்டது. பழைய கீபோர்டின் டோன் நன்றாயிருக்கும் என்று மிடி கேபிளால் அதையும் இணைத்திருந்தேன். கம்பியைச் சறுக்கினால், "சுருதியை இவ்வளவு ஏற்று" என்று மெஷின் கட்டளை அனுப்புகிறது. இதற்குப் பிட்ச் பெண்ட் என்று பெயர். மெஷினில் அதன் எல்லை 12 ஃப்ரெட், கீபோர்டில் 2 ஃப்ரெட் என்று இருந்தது. நான் இரண்டு ஃப்ரெட் ஏறினால் மெஷின், "உன் எல்லையில் ஆறில் ஒரு பங்கு ஏறு" என்கிறது. கீபோர்டு தன் இரண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஃப்ரெட்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. இரண்டும் தன் தன் கணக்கில் சரி. கேட்கிறவருக்கோ அபஸ்வரம்!

இரண்டிலும் 12 என்று வைத்தேன். கம்பிக்கு ஒன்றாக ஆறு சேனல் போகிறபடியால், கீபோர்டிலும் ஆறு சேனலுக்கும் ஒரே டோனும் ஒரே எல்லையும் வைக்கவேண்டும். ஆமோஸ் 3:3-ஐ அன்று வேறு கண்ணோடு வாசித்தேன். கணவன் மனைவிக்குள்ளும் ஊழியக்காரருக்குள்ளும் இப்படி நேரிடுவதில்லையா? இருவரும் உண்மையே பேசுவார்கள், அளவு மட்டும் ஒத்துப்போகாது.

பியானோ, ஆர்கன் வாசிக்கும்போது க்ரோமாட்டிக் என்ற நிலையில் வையுங்கள். விரல் சற்றே விலகினாலும் கிட்டத்தட்ட உள்ள ஸ்வரத்தில் நிற்கும். வயலின், புல்லாங்குழலுக்குப் பெண்ட் நிலை தேவை. இல்லாவிட்டால் கமகம் வராது.

6. கடைசியாக, கை

எல்லாம் சரிசெய்தும் பாதி வேலை மிஞ்சியிருந்தது. அது என் கை.

கிட்டாரில் "ஜங் ஜங்" என்று அடித்துப் பழகியவன் நான். இதற்கு அது ஆகாது. தேவையான கம்பிகளை மட்டும் விரலால் சேர்த்து மீட்டவேண்டும். அடுத்த கார்டுக்குப் போகுமுன் முந்தினதை அடக்கவேண்டும், வாசிக்காத கம்பியைத் தொட்டு மௌனமாக வைக்கவேண்டும். வேகமான தாழ்ந்த ஸ்வரம் வேண்டுமானால் மெல்லிய கம்பியில் வாசித்து, மெஷினில் ஒரு ஆக்டேவ் இறக்கிக்கொள்ளுங்கள், பிந்துதல் குறையும். மெதுவாக எழும்புகிற ஸ்ட்ரிங்ஸ் டோனில் தாமதம் தெரியாது, பியானோவில் உடனே தெரியும். ஜெப வேளையில் கையை எடுக்குமுன் பிக்கப்பிலுள்ள வால்யூமை இறக்கிவிடுங்கள். "கீச்" சத்தத்துக்கு அதுவே மருந்து!

புதிதாக வாங்குகிற சபைகளுக்கு ஒரு வார்த்தை: பாஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஜிஎம்-800-ம் அதற்கான ஜிகே-5 பிக்கப்பும் பதின்மூன்று முள் கேபிளை உபயோகிப்பதில்லை. பழைய பிக்கப்பை அதில் இணைக்க மாற்றுக் கருவி வேண்டும். விசாரித்து வாங்குங்கள், காணிக்கைப் பணம்.

பிரியமானவர்களே, தாவீதின் நாட்களில் கர்த்தருடைய பாட்டுகளைக் கற்றுத் தேறினவர்கள் 288 பேர் என்று வேதம் கணக்குச் சொல்லுகிறது. அபிஷேகம் பெற்றவர்கள்தான், ஆனாலும் கற்றார்கள். "ஆவியானவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, நான் படிக்கவேண்டியதைப் படிக்காமல் இருந்தேன். அது விசுவாசம் அல்ல, சோம்பல். கர்த்தர் என்னை மன்னித்தார். அபிஷேகம் மெஷினிலிருந்து வராது. ஆனாலும் நம்முடைய கவலையீனம் ஒரு ஆத்துமாவின் துதியை அடைத்துப்போடக்கூடும். வாசிப்பவருக்கு மட்டுமா இது? வேதபாகம் வாசிக்கிறவர், அறிவிப்பு செய்கிறவர், ஞாயிறுபள்ளியில் போதிக்கிறவர், நீங்கள் கொடுக்கும் சத்தம் விளங்குகிறதா என்று யாரிடமாவது கேட்டதுண்டா?

ஆறாம் கம்பி இன்றும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. வேகப் பாட்டில் அதை விட்டுவிடுகிறேன். அடுத்த ஞாயிறு மெதுவான ஒரு ஆராதனைப் பாட்டில், ஸ்ட்ரிங்ஸ் டோனை மெல்லப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வரிசையைப் பார்த்தேன். தாயார் கண்மூடி, கையை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் என் கையைப் பிடித்து, "இன்னிக்குப் பாடுனேன் தம்பி" என்றார்கள். எனக்கு அது போதும்.

ஜெபம்: ஆண்டவரே, என் கையைப் பழக்குவியும். என்னிமித்தம் ஒருவருடைய வாயும் உமது துதிக்கு அடைபடாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.